உயிர்களுக்கு எத்தனை உலகம்: ஐந்தா, ஆறா, மூன்றா?

ஜெலுத்தோங் அம்மா | திங்கள், இரவு 9.12

வணக்கம். மகள் படிவம் 5, இந்த வருடம் எஸ்பிஎம் (மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். உயிரியலில் வகைப்பாடு பாடம் ஓடுகிறது. அவள் புத்தகத்தில் ஆறு உலகங்கள்: ஆர்க்கிபாக்டீரியா, யூபாக்டீரியா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் மகனும் இதே பாடத்தைப் படிக்கிறான், அவனுக்கு ஐந்துதான். டியூஷன் ஆசிரியரோ டொமைன் என்று மூன்று பேருலகங்கள் இருக்கின்றன, இப்போது அதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

பிள்ளை மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு முழிக்கிறாள். எது சரி? ஒன்று வந்தால் மற்றது செல்லாதா? எனக்கே ஒரு கேள்வியும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கு மூன்றில் இரண்டு பேருலகத்தைக் கொடுத்துவிட்டு யானை, ஆலமரம், காளான், மனிதன் எல்லாவற்றையும் மிச்சம் ஒன்றில் அடைத்திருக்கிறார்களே, அது எப்படி நியாயம்?

தண்ணீர்மலை வாத்தியார் | திங்கள், இரவு 10.05

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாக அவிழ்ந்துவிடும். உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லின்னேயஸ் 1735-இல் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பிரித்தார். கண்ணால் பார்த்துப் பிரித்தது அது. நுண்ணோக்கியில் தெரிந்த சின்ன உயிர்கள் இரண்டிலும் அடங்காமல் நின்றதால், 1866-இல் ஹேக்கல் புரோட்டிஸ்டா என்று மூன்றாவதைச் சேர்த்தார். விட்டேக்கர் 1969-இல் ஐந்தாக்கினார். உட்கரு இல்லாத செல்கள் எல்லாம் மொனிரா. உட்கரு உள்ளவற்றில், உணவைத் தானே தயாரிப்பது தாவரம், விழுங்குவது விலங்கு, உறிஞ்சுவது பூஞ்சை, பெரும்பாலும் ஒரே செல்லோடு நிற்பவை புரோட்டிஸ்டா. கோயம்புத்தூர்ப் பிள்ளை படிப்பது இதைத்தான்.

இதுவரை எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: பார்க்க எப்படி இருக்கிறது, எப்படிப் பிழைக்கிறது? அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் வோஸ் கேட்டது வேறு கேள்வி. யாருக்கு யார் சொந்தம்? எந்தக் கிளை எந்தக் காலத்தில் பிரிந்தது?

பாக்டீரியாவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. உருண்டை, குச்சி, சுருள், அவ்வளவுதான் உருவம். ஆனால் எந்த உயிரை எடுத்தாலும் அதன் செல்லில் ரைபோசோம் இருக்கும், புரதம் செய்யும் இடம் அது. அதற்குள் இருக்கும் ஆர்என்ஏ ஒரு நீளமான மூலக்கூறுச் சங்கிலி, அதன் கண்ணிகளின் வரிசை தலைமுறை தலைமுறையாக மிக மெதுவாகத்தான் மாறும். இரண்டு உயிர்களின் ஆர்என்ஏ எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவு காலம் முன்பு அவை பிரிந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு அந்த வரிசையை இயந்திரம் படித்துக் கொடுத்துவிடும். 1970-களில் அப்படி இல்லை. நுண்ணுயிரைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்து வளர்த்து, ஆர்என்ஏ-வைப் பிரித்தெடுத்து, நொதியால் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை எக்ஸ்ரே பிலிமில் கரும்புள்ளிகளாக விழவைத்து, விளக்குப் பலகையில் மாட்டிப் புள்ளி புள்ளியாக வாசிக்க வேண்டும். வோஸ் வருடக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 1976-இல், அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் உல்ஃப் வளர்த்து வந்த, மீத்தேன் வாயு தயாரிக்கும் நுண்ணுயிரின் பிலிம் வந்தது. எல்லாப் பாக்டீரியாவிலும் தவறாமல் இருக்கும் சில துண்டுகள் அதில் இல்லை. உட்கரு உள்ள செல்லின் அடையாளமும் இல்லை. இரண்டிலும் சேராத மூன்றாவது வம்சம்! வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் அதை வெளியிட்டார்கள். 1990-இல் வோஸ், கண்ட்லர், வீலிஸ் மூவரும் பாக்டீரியா, ஆர்க்கியா (அந்தப் புதிய வம்சம், மகள் புத்தகத்தில் ஆர்க்கிபாக்டீரியா), யூக்கேரியா (உட்கரு உள்ளவை) என்று மூன்று பேருலகங்களை முன்வைத்தார்கள்.

பிலிம் புள்ளிகளோடு விஷயம் முடியவில்லை. ஆர்க்கியாவின் செல்சவ்வில் கொழுப்பு வேறு விதமான இணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவின் செல்சுவரில் இருக்கும் பெப்டிடோகிளைக்கன் அதற்குக் கிடையாது, அதனால் பெப்டிடோகிளைக்கனைக் குறிவைக்கும் பெனிசிலின் ஆர்க்கியாவை ஒன்றும் செய்யாது. டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ எடுக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் நம்முடையதற்குத்தான் நெருக்கம்.

இப்போது உங்கள் யானைக்கு வருகிறேன். பேருலகம் என்பது பருமனுக்கோ அழகுக்கோ தரும் இடம் கிடையாது, பிரிவின் ஆழத்துக்குத் தருவது. யானையும் காளானும் பிரிந்த காலத்தைவிட, பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் பிரிந்த காலம் மிக மிகப் பழையது.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். ஐந்தில் இருந்த மொனிராவை இரண்டாக வெட்டினால் ஆறு. அந்த ஆறில் உட்கரு உள்ள நான்கையும் யூக்கேரியா என்ற ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் மூன்று. தேர்வில் புத்தகத்தில் உள்ள ஆறையே எழுதட்டும்.

நிபோங் திபால் ஆலைக்காரன் | திங்கள், இரவு 10.41

வாத்தியார் சொன்ன அந்த மீத்தேன் ஆட்களோடுதான் எனக்குத் தினமும் வேலை. செம்பனை ஆலையில் எண்ணெய் எடுத்த பிறகு பழுப்பு நிறத்தில் கழிவுநீர் வரும், நல்ல சூட்டோடு. அதை ஆற்றில் விட முடியாது, குளங்களில் நிறுத்திவைப்போம். முதல் குளங்களில் காற்று இல்லாமல் அது நொதிக்கும். கரையில் நின்று பார்த்தால் மேலே கனமான கருப்பு ஏடு, அதைப் பிளந்துகொண்டு குமிழ் குமிழாக வாயு வரும்.

அங்கே இரண்டு கூட்டம் கைமாற்றி வேலை செய்கிறது. முதலில் பாக்டீரியா, கொழுப்பையும் மாவுச்சத்தையும் உடைத்து அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்கிவிடும். அதிலிருந்து மீத்தேன் செய்வது ஆர்க்கியா. அமிலம் அதிகமாகிப் புளித்துவிட்டால் ஆர்க்கியா படுத்துவிடும், வாயு நின்றுபோகும். அதனால்தான் பிஎச் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மூக்கைத் துளைக்கும் நாற்றம் மீத்தேனுடையது இல்லை, அதற்கு வாசனையே கிடையாது. மற்ற அமிலங்களும் ஹைட்ரஜன் சல்பைடும் தரும் நாற்றம் அது. குளத்தை மூடி வாயுவைப் பிடிக்கும் ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன.

ஆர்க்கியா என்றால் வெந்நீர் ஊற்றும் உப்பு ஏரியும்தான் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். மாட்டு வயிற்றில் இருக்கிறது, நம் குடலிலும் இருக்கிறது.

பட்டர்வொர்த் ரவி | செவ்வாய், காலை 7.20

எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, மறுபடி மூன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உயிர்கள் மாறவில்லை, பெட்டிகளின் பெயர்தான் மாறுகிறது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மறந்துவிடுகிறார்கள். ஒரு கிருமியை இந்தப் பெட்டியில் போட்டால் என்ன, அந்தப் பெட்டியில் போட்டால் என்ன? சாதாரண மனிதனுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா? உண்மையாகவே கேட்கிறேன்.

பாலிக் புலாவ் தோட்டக்காரர் | செவ்வாய், பகல் 1.35

ரவி தம்பி, பெட்டி மாறியதால் என் மரங்கள் பிழைத்தன. சொல்கிறேன்.

டுரியான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நோய் பெரிய தலைவலி. மழைக்காலத்தில், அடிமரத்தில் தரைக்குச் சற்று மேலே, பட்டை ஈரமாகக் கறுத்த மாதிரி ஒரு திட்டு தெரியும். காலையிலேயே போய்ப் பார்க்க வேண்டும். அப்போதுதான் செம்பழுப்பாகப் பிசின் மாதிரிக் கசிவது தெரியும், வெயில் ஏறினால் காய்ந்து மறைந்துவிடும். கத்தி நுனியால் மேல்பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் உள்பட்டை வெளிர் நிறமாக இருக்கும். நோய் பிடித்த இடம் பழுப்பாக, ஓரம் அலை அலையாக, கண்ணுக்குத் தெரிந்த திட்டைவிடப் பெரிதாகப் பரவியிருக்கும். மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் உச்சி இலை மஞ்சளாகிக் கொட்டும், அப்புறம் மரம் போய்விடும்.

இதைச் செய்வது பைட்டாப்தோரா பால்மிவோரா. பார்த்தால் பூஞ்சை மாதிரியே நூல் நூலாக வளரும். ரொம்ப காலம் பூஞ்சைக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். மருந்துக் கடையில் கேட்டால் பூஞ்சை மருந்து என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். கார்பென்டசிம் மாதிரியான மருந்து நிஜப் பூஞ்சைக்கு நன்றாகக் கேட்கும், இதற்குக் கேட்காது. இது பூஞ்சையே இல்லை. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது, இதற்குச் செல்லுலோஸ். பூஞ்சை தன் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைத் தானே தயாரிக்கும், பல பூஞ்சை மருந்துகள் அதைத்தான் தடுக்கின்றன. பைட்டாப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை, எதைப் போய்த் தடுப்பது? சொந்தம் என்று பார்த்தால் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்கும் டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகளுக்கும்தான் இது நெருக்கம்.

சொந்தம் தெரிந்தால் பழக்கமும் புரிகிறது. இதன் வித்துகளுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு, தண்ணீரில் நீந்திப் போகும். அதனால்தான் மழையில் பரவுகிறது, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் முதலில் பிடிக்கிறது. மேடு கட்டி நடுவது, வாய்க்கால் வெட்டுவது, அடிமரத்தில் மண் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த நீச்சலைத் தடுக்கத்தான். மருந்துக்கு, இந்தக் கூட்டத்தைக் குறிவைக்கும் மெட்டலாக்சில் இருக்கிறது. பாஸ்போனேட்டை ஊசியாக அடிமரத்தில் ஏற்றுவதும் உண்டு.

என் அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினவர். மழை நாளில் வெட்டுப் பட்டையில் கருப்பு கருப்பாகக் கோடு விழும் என்று சொல்வார், அதுவும் பைட்டாப்தோரா வேலைதான். அதே தோட்டத்தில் வெள்ளை வேர் நோய் என்று இன்னொன்று உண்டு. அது ரிகிடோபோரஸ், நிஜப் பூஞ்சை, மரத்தடியில் ஆரஞ்சு நிறத் தட்டுக் காளானாக வெளியே தெரியும். செம்பனையைச் சாய்க்கும் கெனோடெர்மாவும் நிஜப் பூஞ்சைதான். ஒன்றுக்குக் கேட்கும் மருந்தை இன்னொன்றுக்கு அடித்தால் காசும் போகும், மரமும் போகும்.

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்கு அழுகி, அடுத்து வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் வரை செத்தார்கள். அதற்குக் காரணம் இதன் கூடப்பிறந்த பைட்டாப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்.

ஆய்வகச் செல்வி | செவ்வாய், இரவு 8.50

தோட்டக்கார அண்ணன் சொன்னது அருமை. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று அவர் பக்கம், இன்னொன்று கொஞ்சம் எதிர்ப்பக்கம்.

மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் பாக்டீரியா இல்லை, உட்கரு உள்ள ஒற்றைச் செல் உயிர். அப்படியிருக்க, பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்கிளின் மலேரியாவுக்கு ஏன் வேலை செய்கிறது? அந்த ஒட்டுண்ணிக்குள் அபிகோபிளாஸ்ட் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதன் முன்னோர் ஒருகாலத்தில் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டதன் மிச்சம் அது. பாசியின் பச்சையம் இருக்கும் உறுப்போ, அதற்கும் முன்னால் விழுங்கப்பட்ட ஒரு பாக்டீரியா. அதனால் அபிகோபிளாஸ்டின் ரைபோசோம் இன்றும் பாக்டீரியா மாதிரியே இருக்கிறது. மருந்து அங்கேதான் போய்ப் பிடிக்கிறது. இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிக்குள் ஒரு பாசியின் எச்சம் இருப்பதை வம்சம் தேடிப் போனவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் இது, அதனால் எனக்கு இதில் தனி அக்கறை.

இப்போது எதிர்ப்பக்கம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நிமோனியா தரும் நியூமோசிஸ்டிஸைப் பல காலம் புரோட்டோசோவா (மலேரியா ஒட்டுண்ணி மாதிரி ஒற்றைச் செல் உயிர்) என்றே நினைத்திருந்தார்கள். வாத்தியார் சொன்ன அதே ரைபோசோம் ஆர்என்ஏ முறையில் பார்த்து, 1988-இல் அது பூஞ்சை என்று நிறுவினார்கள். சரி, பூஞ்சை மருந்து கொடுக்கலாமா? ஆம்போடெரிசின் வேலை செய்யாது. இந்தப் பூஞ்சை மட்டும் எர்கோஸ்டெராலை விட்டுவிட்டு, நம் உடம்பிலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. சிகிச்சை இன்றும் பாக்டீரியா மருந்தான கோ-ட்ரைமாக்சசோல்தான். ஆக, எந்தக் குடும்பம் என்று தெரிவது எங்கே தேட வேண்டும் என்று காட்டும். மருந்துச் சீட்டை அது எழுதித் தராது. ஒவ்வொரு உயிரையும் தனியாகவும் பார்த்தே ஆக வேண்டும்.

தேன்மொழி_நுண்ணுயிர் | செவ்வாய், இரவு 11.16

நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி நான். எல்லாரும் புரோட்டிஸ்டாவை லேசாகத் தாண்டிப் போகிறீர்கள், அங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது.

மழை விட்ட மறுநாள் தண்ணீர்மலைப் பூங்காவில் உளுத்துப்போன மரக்கட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். சில நேரம் மஞ்சள் நிறத்தில், நரம்பு நரம்பாக விசிறி போல விரிந்த ஒரு சளிப்படலம் கிடைக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த நரம்புகளுக்குள் திரவம் ஒரு பக்கம் ஓடி, நின்று, திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். சளிப்பூஞ்சை என்று சொல்வார்கள், ஆனால் பூஞ்சை கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தாலும் ஒரே செல், உள்ளே கணக்கில்லாத உட்கருக்கள். நகர்ந்து போய்ப் பாக்டீரியாவை விழுங்கும். இதன் இனத்தில் ஒன்றான பைசாரம், சிக்கல் பாதையில் இரண்டு முனையிலும் உணவு வைத்தால் குறுக்கு வழியைப் பிடித்துவிடும் என்று ஜப்பானில் 2000-இல் சோதித்துக் காட்டினார்கள்.

இதுவும் புரோட்டிஸ்டா, பைட்டாப்தோராவும் புரோட்டிஸ்டா, மலேரியா ஒட்டுண்ணியும் புரோட்டிஸ்டா. ஆனால் மூன்றும் ஒரே வம்சம் இல்லை. சளிப்பூஞ்சை அமீபாக் கூட்டம். அது பைட்டாப்தோராவைவிட நமக்குத்தான் நெருக்கம்! தாவரம், விலங்கு, பூஞ்சை எதிலும் சேராததை எல்லாம் கொட்டிவைத்த இடத்தை ஓர் உலகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆராய்ச்சியாளர்கள் உட்கரு உள்ளவற்றைப் பெருங்குழுக்களாகப் பிரித்து எழுதத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. அதில் விலங்கும் பூஞ்சையும் ஒரே குழு. காளானும் நாமும் மரத்தைவிட ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தம். பூஞ்சை மாவுச்சத்தைச் சேமிப்பதில்லை, நம் கல்லீரல் போலக் கிளைக்கோஜனாகத்தான் சேமிக்கிறது. மனிதனுக்கு வரும் பூஞ்சை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கும் இந்த நெருக்கம் ஒரு காரணம். அதைக் கொல்வது நம்மையும் தாக்கும்.

மூன்று பேருலகமும் அசைக்க முடியாதது இல்லை. ஆர்க்டிக் கடலடியில் லோகியின் கோட்டை என்று பெயரிட்ட வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதன் பக்கத்துச் சேற்றில் கிடைத்த டிஎன்ஏ-வை வைத்து லோகியார்க்கியா என்ற கூட்டத்தை 2015-இல் அறிவித்தார்கள். உட்கரு உள்ள செல்களுக்கே உரியவை என்று நினைத்த மரபணுக்கள் பல அந்த ஆர்க்கியாவில் இருந்தன. ஜப்பானியர்கள் அந்த வகையில் ஒன்றை ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்து 2020-இல் படத்தோடு வெளியிட்டார்கள். நீளமான கிளைகளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் செல். நாம் ஆர்க்கியாவுக்குப் பக்கத்து வீடு இல்லை, ஆர்க்கியாவுக்குள்ளேயே முளைத்த கிளை என்று இன்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பேருலகம் இரண்டுதான்.

பட்டர்வொர்த் ரவி | புதன், காலை 7.05

தோட்டக்கார அண்ணன் சொன்ன பிறகு பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கச்சி சொல்வதைப் பார்த்தால் மூன்றும் நிற்காது போலிருக்கிறதே. நிற்காததை ஏன் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டும்? வைரஸ் இதில் எங்கே வருகிறது, அதை யாருமே சொல்லவில்லையே?

தண்ணீர்மலை வாத்தியார் | புதன், காலை 10.30

வைரஸுக்கு ரைபோசோம் இல்லை. வோஸ் அளந்த அந்த அளவுகோல் அதனிடம் கிடையாது, அதனால் இந்த மரத்தில் அதற்குக் கிளையும் கிடையாது. வைரஸ் ஆராய்ச்சியாளர்கள் அதற்குத் தனியாக ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறார்கள். எல்லா வைரஸுக்கும் ஒரே மூதாதை இருந்ததாகத் தெரியவில்லை, ஆகவே தனித்தனி மரங்கள்.

நிற்குமா நிற்காதா என்பதற்கு வருகிறேன். 1998-இல் எர்ன்ஸ்ட் மேயர் என்ற பெரிய பரிணாமவியலாளர் வோஸுக்கு எதிராக எழுதினார். ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் உடலமைப்பில் ஒன்றுபோல்தான் இருக்கின்றன, உட்கரு இல்லாதவை, உள்ளவை என்ற இரண்டே போதும் என்பது அவர் கட்சி. வோஸ் பதில் எழுதினார்: உட்கரு இல்லை என்பது ஒரு குறை, குறையை வைத்து உறவு சொல்ல முடியாது. என் நெஞ்சு வோஸ் பக்கம்தான். முதுகெலும்பு இல்லாதவை என்று புழுவையும் நத்தையையும் பூச்சியையும் ஒன்றாகக் கட்டுவதும் இதே தவறுதான்.

ஆனால் தேன்மொழி, புரோட்டிஸ்டாவைப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டுப் பெருங்குழுக்களின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னால், மனப்பாடம்தான் கூடும். ஆறையும் சொல்லிக்கொடுக்கலாம், கூடவே ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதி இல்லாததுதான் ரவியைக் கோபப்படுத்துகிறது. எனக்கும் அதே கோபம் உண்டு.

தேன்மொழி_நுண்ணுயிர் | புதன், பகல் 12.48

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, ஒரே ஒரு திருத்தத்தோடு. புரோட்டிஸ்டா ஒரு வம்சம் இல்லை என்ற ஒரு வரியாவது புத்தகத்தில் வர வேண்டும்.

ஜெலுத்தோங் அம்மா | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. மகளை உட்காரவைத்து முழு இழையையும் படித்தோம். சமையலறையில் இருப்பதை வைத்து அவளே கேள்வி கேட்கிறாள்: இட்லி மாவு, தெம்பே, அகார் அகார், காளான், கருவாட்டின் மேல் சில நேரம் வரும் இளஞ்சிவப்புக் கறை. எது எந்த உலகம்?

தேன்மொழி_நுண்ணுயிர் | புதன், இரவு 9.58

அக்கா, தங்கச்சி நல்ல வரிசையாகப் பிடித்திருக்கிறாள். இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முக்கிய வேலை லியூகோனோஸ்டாக் பாக்டீரியாவுக்கு. தெம்பேயில் சோயாவை வெள்ளையாகக் கட்டிப்பிடித்திருப்பது ரைசோபஸ், அது பூஞ்சை, காளானும் பூஞ்சை. அகார் அகார் சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. பள்ளிப் புத்தகக் கணக்கில் பாசி புரோட்டிஸ்டாவில் போகும், வம்சக் கணக்கில் சிவப்புப் பாசி தாவரங்களுக்குச் சொந்தக்காரன். கருவாட்டின் இளஞ்சிவப்புக்குக் காரணம் உப்பை விரும்பும் ஆர்க்கியா, உப்பு அதிகமாக இருந்தால்தான் அது வாழும். அந்தக் கருவாட்டைச் சமைக்க வேண்டாம், கெட ஆரம்பித்துவிட்டது.

பட்டர்வொர்த் ரவி | வியாழன், காலை 6.55

அண்ணே, பாலிக் புலாவில் என் மாமாவுக்கும் கொஞ்சம் டுரியான் மரங்கள் இருக்கின்றன. நீங்கள் சொன்ன அதே கசிவு ஒரு மரத்தில் இருக்கிறதாம். அந்த ஊசியை எப்போது போட வேண்டும்?

பாலிக் புலாவ் தோட்டக்காரர் | வியாழன், பகல் 12.20

தளிர் விட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டாம், இலை முற்றிய பிறகு போடச் சொல்லுங்கள். வெயில் உள்ள நாளில் காலையில் போட வேண்டும். அப்போது இலை தண்ணீரை வேகமாக இழுக்கும், மருந்தும் கூடவே மேலே போகும், அப்புறம் இலையிலிருந்து பட்டை வழியாக வேருக்கு இறங்கும். முதலில் அழுகின பட்டையைச் சுரண்டி எடுத்து, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடட்டும். கத்தியைத் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைக்கக் கூடாது. அளவு மரத்தின் சுற்றளவைப் பொறுத்தது, விவசாய இலாகாவில் கேட்டுவிட்டே போடச் சொல்லுங்கள். மரத்தடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. தேங்கினால் ஊசிக்கு முன்னால் வாய்க்கால் வெட்ட வேண்டும்.